கண்டெய்னர் சீலும் எஸ்எஸ்எச் சர்வரும்

திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படும் கண்டெய்னரின் கதவில் ஒரு போல்ட் சீல் போடுகிறோம். அதன் எண் ஆவணங்களில் ஏறுகிறது. வழியில் யாரேனும் கதவைத் திறந்திருந்தால் அந்த சீல் காட்டிக்கொடுத்துவிடும். சரக்கை மூடி மறைப்பது ஒரு வேலை, அது தொடப்படவில்லை என்று சான்று சொல்வது வேறொரு வேலை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய அன்றாடம் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் மென்பொருளிலும் இவை இரண்டும் தனித்தனியானவை. மறையாக்கம் உள்ளடக்கத்தை மறைக்கிறது. செய்தி உறுதிப்பாட்டுக் குறியீடு, சுருக்கமாக மேக், ஒவ்வொரு பொட்டலத்தோடும் சென்று, அது வழியில் மாற்றப்படவில்லை என்று எதிர்முனைக்கு உறுதி சொல்கிறது. வலை அட்டையின் மேக் முகவரிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பலர் குழம்புகிறார்கள்.

மறைத்தால் மட்டும் போதாதா என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. போதாது. சிடிஆர் என்ற மறையாக்க முறையில் மறைத்த தரவில் ஒரு பிட்டைப் புரட்டினால், பிரித்தெடுத்த செய்தியிலும் அதே இடத்தில் அதே பிட் புரளும். இதைச் செய்யச் சாவி தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1995-இல் வந்த முதல் எஸ்எஸ்எச் நெறிமுறை இந்தக் காவலுக்கு சிஆர்சி-32 என்ற கணக்கை நம்பியிருந்தது. தற்செயலான பிழையைக் கண்டறியும் அந்தக் கணக்கு, திட்டமிட்டுச் செய்யும் திருத்தத்தைத் தடுக்காது என்பது 1998-இல் வெளிப்பட்டது. இரண்டாம் பதிப்பில்தான் சாவியோடு கூடிய மேக் வந்தது. எம்டி5, ஷா1, ஷா2 என்பவை எந்தத் தரவையும் ஒரு சிறு எண்ணாகச் சுருக்கும் கணக்குகள்; அவற்றைச் சாவியோடு சேர்த்து மேக் ஆக்குவதே எச்மேக். இரண்டாம் பதிப்பின் 2006-ஆம் ஆண்டுத் தரநிலை எச்மேக்-ஷா1-ஐக் கட்டாயமாக்கி, எச்மேக்-எம்டி5-ஐ விருப்பத்துக்கு விட்டது. ஷா2 வகைகள் 2012-இல் தரநிலையில் சேர்ந்தன.

எம்டி5-இலும் ஷா1-இலும் மோதல், அதாவது வெவ்வேறு தரவுக்கு ஒரே விடை வருவது, கண்டுபிடிக்கப்பட்டதால் அவற்றின் எச்மேக் வடிவமும் உடனே உடைந்துவிடவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் எம்டி5-ஐயும், மேக் குறியை 12 பைட்டாகக் குறுக்கிய 96 பிட் வகைகளையும் இன்று வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. ஷா1-ஐயும் முடிந்த இடத்தில் எடுத்துவிடுவதே என் வழக்கம். மிஞ்சவேண்டியவை ஷா2-256, ஷா2-512, யூமேக்-128 என்ற வேறு வகை மேக். அவற்றிலும் பெயரின் நடுவே இடிஎம் (முதலில் மறையாக்கம், பிறகு மேக்) என்று வருபவை முதலில் நிற்க வேண்டும். 2013-இல், பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 6.2 பதிப்பில் வந்த இந்த இடிஎம் முறையில், மறையாக்கி முடித்த பொட்டலத்தின் மீது குறி போடப்படுகிறது. பழைய முறையோ பெட்டிக்கு உள்ளிருக்கும் சரக்குக்குச் சீல் போடுவதைப் போன்றது; சீலைச் சரிபார்க்கவே பெட்டியைப் பிரித்தாக வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நான் ஒருமுறை தவறு செய்தேன். அவினாசி சாலையில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்ட பாதுகாப்புச் சோதனையில் பலவீனமான மேக் இருப்பதாக அறிக்கை வந்தது. மாலையில் சர்வரின் அமைப்புக் கோப்பைத் திருத்தி, ஷா2 வகைகளை மட்டும் விட்டு, என் மடிக்கணினியிலிருந்து இணைந்து பார்த்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கட்டிங் மாஸ்டர் அழைத்தார்: "ஏனுங்க, நேத்து ஏதாச்சும் மாத்துனீங்களா? மெசினுக்கு மார்க்கர் ஃபைலே வரலீங்க." சர்வரின் லாகில், பொருந்தும் மேக் எதுவும் இல்லை, எதிர்முனை தருவது எச்மேக்-எம்டி5, எச்மேக்-ஷா1 என்ற வரி, நிமிடத்துக்கு ஒன்றாக இரவு முழுவதும் பதிவாகியிருந்தது. துணியை எப்படி வெட்டுவது என்று சொல்லும் மார்க்கர் ஃபைலை எடுக்க சர்வரோடு இணையும், வெட்டும் இயந்திரத்தோடு வந்த பழைய கணினிக்கு வேறெதுவும் தெரியாது.

இப்படிப்பட்ட நேரத்தில் பழைய பட்டியலை மொத்தமாகத் திரும்பப் போட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஒரு கருவிக்காக எல்லோருடைய காவலும் தளர்ந்துவிடும். குறிப்பிட்ட இணைப்புகளுக்கு மட்டும் விதி எழுத சர்வர் கோப்பில் உள்ள மேட்ச் பகுதிக்குள் மேக் பட்டியலை மாற்ற இயலாது என்பதால், உள் வலையமைப்பு முகவரியில் மட்டும், வேறு போர்ட்டில், இரண்டாவதாக ஓர் எஸ்எஸ்எச் சேவையை அந்தக் கணினிக்கென்று தனியாக ஓட்டி, ஃபயர்வாலில் அதன் ஐபி ஒன்றுக்கு மட்டும் வழிவிட்டோம். நமது சர்வரே பழைய கருவியைத் தேடிச் சென்று இணைவதாக இருந்தால் வேலை இன்னும் எளிது. கிளையன்ட் கோப்பில் அந்த ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு எழுதலாம்.

திருத்தியபின் சேவையை மறுதொடக்கம் செய்வதற்கு முன்பு, கோப்பில் பிழையில்லை என்று சோதனைக் கட்டளையால் உறுதி செய்யுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு இணைப்பை மூடாமல் வைத்திருங்கள். ரெட்ஹேட் லினக்ஸ் குடும்பத்தில் கணினி அளவிலான மறையாக்கக் கொள்கை நீங்கள் எழுதியதை மீறக்கூடும். ஆகவே வெளியிலிருந்து விரிவான விவரத்தோடு இணைந்து, உண்மையில் எந்த மேக் தேர்வானது என்று கண்ணால் பாருங்கள். சாசா20 அல்லது ஜிசிஎம் என்ற மறையாக்க முறை தேர்வானால் அங்கே தனி மேக் தெரியாது. உறுதிப்பாடு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் வெளிவந்த டெராபின் தாக்குதல் சாசா20-ஐயும், சிபிசி என்ற பழைய மறையாக்க முறையோடு சேர்ந்த இடிஎம்-ஐயும் பாதித்தது. அதற்கான திருத்தம் ஓப்பன்எஸ்எஸ்எச் 9.6-இல் உள்ளது, இரு முனைகளிலும் அது இருந்தால்தான் பயன்.

இப்போதெல்லாம் பட்டியலில் கை வைப்பதற்கு முன், லாக் அளவை, விவரம் கூடுதலாகப் பதிவாகும் டீபக் நிலைக்கு உயர்த்தி, எந்தக் கருவி எந்த மேக்கோடு வருகிறது என்று ஒரு மாதம் முழுவதும் குறித்துக்கொள்கிறேன். ஒரு வாரம் போதாதா என்று பெருந்துறையில் ஒரு நூற்பாலையில் கேட்டார்கள். அங்கே சம்பளக் கணக்கை அனுப்புவதற்காக மாதக் கடைசி இரவில் மட்டும் இணையும் ஒரு கணினி, எச்மேக்-எம்டி5-உடன் அந்த லாகில் ஒரே ஒரு வரியாக வந்திருந்தது.