வானப்பிரஸ்தம்: வானம் இல்லாத ஒரு சொல்

வானப்பிரஸ்தம் என்ற சொல்லில் வானம் கிடையாது. காடுதான் இருக்கிறது. வடமொழியில் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லை ஆக்கும்போது முதல் உயிரெழுத்து நீள்வதுண்டு. மனுவின் வழிவந்தவர் மானவர் ஆவது அப்படித்தான். ‘வன’ என்பதும் அதே முறையில் ‘வான’ ஆயிற்று. தமிழ்க் காதுக்கு இது ‘வான்’ என்று கேட்பதால் மேலுலகம், மோட்சம், கடைசிக் காலத்து நிம்மதி என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். உண்மையில் சொல் சுட்டுவது தரையில் இருக்கிற ஒரு இடத்தையும், அங்கே போய் வாழ்கிற ஒரு முறையையும்தான். ஊரையும் வீட்டையும் விட்டுக் காட்டில் இருந்துகொண்டு வாழ்வின் பொருளைத் தேடுவது வானப்பிரஸ்தம். அப்படி வாழ்பவர் வானப்பிரஸ்தர்.

பின்பாதியான ‘பிரஸ்த’ என்பதற்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்லலாம். ‘பிர’ என்ற முன்னொட்டும் ‘ஸ்தா’ என்ற வேரும் சேர்ந்தால் கிளம்பிப் போதல். அந்த வழியில், காட்டுக்குக் கிளம்பிவிட்டவர் என்று ஆகும். மேட்டுச் சமவெளிக்கும் ‘பிரஸ்தம்’ என்று பெயர். இந்திரப்பிரஸ்தத்தில் இருப்பது அதுதான். அந்த வழியில், காட்டு மேட்டில் இருப்பவர். ஒன்று போவதைச் சொல்கிறது, மற்றது இருப்பதைச் சொல்கிறது. இரண்டில் எதைப் பிடித்துக்கொண்டாலும் பொருள் கெடாது.

மனுஸ்மிருதியின் 6ஆம் அத்தியாயம் இதற்கு வயதுக் கணக்கு எதுவும் தரவில்லை. தோல் சுருங்கி, தலை நரைத்து, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததைக் கண்டபின் இல்லறத்தான் காட்டை நாடலாம் என்கிறது. மனைவியை மகன்களிடம் விட்டுவிட்டும் போகலாம், உடன் அழைத்துக்கொண்டும் போகலாம். பிரமசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் நான்கு படிகளில் இது மூன்றாவது என்று நாம் பள்ளியில் படித்தது இந்தக் கணக்கில்தான். ஆனால் அதற்கு முந்தைய ஒழுக்க விதி நூல்களான தர்ம சூத்திரங்களில் இவை படிகளே அல்ல. கல்வி முடித்த ஒருவன் தன் வாழ்நாள் முழுவதற்கும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் அங்கே பேச்சு. அதாவது, காட்டு வாழ்வு முதியவர்களுக்கு ஒதுக்கிய வேலையாகப் பிறக்கவில்லை. பிற்பாடுதான் அப்படி ஆனது. கௌதம தர்ம சூத்திரம் இந்தக் காட்டுவாசிக்கு வைக்கும் பெயரும் வேறு: வைகானசர்.

எனக்கு இந்த நூல்களில் பிடித்த விதி ஒன்று உண்டு. வானப்பிரஸ்தர் உழுத நிலத்தில் விளைந்ததை உண்ணக் கூடாது, யாராவது வேண்டாம் என்று எறிந்துவிட்டுப் போனதாக இருந்தாலும் சரி என்கிறது மனுஸ்மிருதி. கௌதமர் இன்னும் ஒருபடி மேலே போய், உழுத நிலத்தில் கால் வைக்கவே கூடாது, ஊருக்குள்ளும் நுழையக் கூடாது என்கிறார். இங்கே காடு என்றால் மரம் அடர்ந்த இடம் என்பதைவிட, கலப்பை படாத இடம் என்பதுதான் பொருள். ‘ஆரணியம்’ என்ற சொல்லையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது ‘அரண’ என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் அந்நியமானது, தூரத்திலிருப்பது. ஊர் ஒரு பக்கம், ஊர் அல்லாதது மறுபக்கம். வானப்பிரஸ்தர் செய்வது அந்தக் கோட்டைத் தாண்டுவது.

கி.மு. 300 வாக்கில் பாடலிபுத்திரத்துக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனீஸ் இப்படிப்பட்டவர்களைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். இலையும் காட்டுப் பழமும் உண்டு மரவுரி உடுத்தி வாழ்பவர்கள் என்று சொல்லி, தன் மொழியில் அவர்களுக்கு ‘ஹைலோபியோய்’ என்று பெயர் வைத்தார். ‘ஹைலே’ என்றால் காடு, ‘பியோஸ்’ என்றால் வாழ்வு. தெரியாத சொல்லை அப்படியே கடன் வாங்காமல் இரண்டு எளிய சொல்லைக் கோத்துக்கொண்டார் மனிதர்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்?

முதலில் நினைவுக்கு வருவது துறவு. அகராதிகளும் சுலபமாக அங்கேதான் போய் நிற்கின்றன. ஆனால் அது பொருந்தாது. ‘இல்வாழ்வான் என்பான் இயல்புடைய மூவர்க்கும் நல்லாற்றின் நின்ற துணை’ என்ற 41ஆம் குறளில் வரும் மூவர் யார் என்று சொல்ல வரும் பரிமேலழகர், வானப்பிரஸ்தரையும் துறவியையும் பிரித்தே வைக்கிறார். ‘இல்லைவிட்டு வனத்தின்கண் தீயொடு சென்று மனையாள் வழிபடத் தவஞ்செய்யும்’ ஒழுக்கத்தான் ஒருவன். ‘முற்றத் துறந்த’ யோக ஒழுக்கத்தான் இன்னொருவன். முதலாமவன் வீட்டை விட்டிருக்கிறான். மனைவியை விடவில்லை, வேள்வித் தீயை விடவில்லை. பாதி வீட்டைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனவன் என்றே சொல்லலாம். இரண்டாமவனுக்குத் தீயும் இல்லை, கூரையும் இல்லை. முன்னவனைத் துறவி என்றால் பின்னவனுக்குச் சொல் இல்லாமல் போய்விடும்.

‘தீயொடு சென்று’ என்பது வெறும் அலங்காரமும் அல்ல. மகாபாரதப் போர் முடிந்து 15 ஆண்டுகள் கழித்து திருதராட்டிரன் காந்தாரியோடும் குந்தியோடும் காட்டுக்குப் போகிறான். வானப்பிரஸ்தத்துக்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு காவியங்களில் இல்லை என்பேன். கடைசியில் மூவரும் காட்டுத் தீயில் இறக்கிறார்கள். அது ஏதோ தீ அல்ல, அவன் கொண்டுபோன வேள்வித் தீயே காட்டில் பற்றிப் பரவியது என்று பின்னர் நாரதர் வந்து சொல்கிறார்.

தமிழில் இந்த நடு நிலைக்குத் தனிப்பெயர் வேர்விடாததற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. நம் பேச்சு இல்லறம், துறவறம் என்று இரண்டாகவே பிரிந்து நிற்கிறது. குறளின் அறத்துப்பாலும் அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் மூன்றாவதுக்கு இடமில்லை. தொல்காப்பியம் முதுமையைப் பேசும் இடத்தில்கூட ‘காமஞ் சான்ற கடைக்கோட் காலை ஏமஞ் சான்ற மக்களொடு துவன்றி’ என்றுதான் தொடங்குகிறது. பிள்ளைகளோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடியிருந்து, கணவனும் மனைவியும் சிறந்ததைப் பயில வேண்டும் என்கிறது நூற்பா. காடு என்ற பேச்சே அதில் எழவில்லை. சொல் இல்லை என்றால் அந்த வழக்கம் இங்கே வலுவாக இல்லை என்று பொருள்கொள்வதில் தவறில்லை.

அடுத்தது வனவாசம். இடம் அதேதான், ஆனால் இது தண்டனை. ‘பத்து வருஷ வனவாசத்துக்குப் பிறகு மறுபடி ஆட்சி’ என்று அரசியல் செய்தியில் எழுதுகிறோமே, அந்தப் பொருள்தான் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் கம்பன் காட்டும் விளையாட்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இராமனுக்கு முடிசூட்டிவிட்டுத் தான் தவத்துக்குப் போக விரும்புவதாக அவையில் சொன்னவன் தசரதன். கடைசியில் காட்டுக்குப் போனது மகன். அவனை அனுப்பும் கைகேயி நாடு கடத்துகிறோம் என்றா சொல்கிறாள்? ‘தாழிருஞ் சடைகள் தாங்கித் தாங்கருந் தவமேற்கொண்டு பூழிவெங் கானம் நண்ணி’ என்கிறாள். சடை, தவம், காடு, புண்ணியத் துறைகளில் நீராடல் என எல்லாம் வானப்பிரஸ்தரின் சரக்கு. வெளியேற்றத்துக்கு நோன்பின் உடையை மாட்டிவிடுகிறாள். சொல்லைப் பொறுத்து ஒரே காடு தண்டனையும் ஆகிறது, தேடலும் ஆகிறது.

மூன்றாவதாக, தாபதம், அதாவது தவசியின் வாழ்வு. சங்க இலக்கியத்தில் நம் பொருளுக்கு மிக அருகில் வருவது இதுதான். புறநானூற்றில் மாற்பித்தியார் பாடிய 251, 252 ஆகிய இரண்டு பாட்டுகளும் தாபத வாகைத் துறை, அதாவது தவசியின் சிறப்பைப் பாடும் வகை. ஓவியம் போன்ற வீட்டில் பாவை போன்ற பெண்களின் அணிகலன் நெகிழக் காரணமாக இருந்த ஒருவனை முன்பு பார்த்தோம். இன்று அவன் மூங்கில் வளர்ந்த மலையருவியில் குளித்து, ‘கான யானை தந்த விறகின்’ தீ வளர்த்து, முதுகில் தாழ்ந்த சடையை உலர்த்திக்கொண்டிருக்கிறான் என்கிறது முதல் பாட்டு. யானை ஒடித்துப் போட்ட கிளைதான் விறகு. மனிதன் வெட்டவில்லை. அடுத்த பாட்டில் அருவி நீர் ஏற்று ஏற்றுச் சடை நிறம் மாறிவிட்டது. தாளி இலையைக் கொய்துகொண்டிருக்கும் இவன் முன்னே எப்படி இருந்தான் தெரியுமா? வீட்டில் உலவும் மயில் போன்றவளைப் பிணிக்கும் ‘சொல்வலை வேட்டுவன்’.

ஏன் போனான் என்று இரண்டு பாட்டும் சொல்லவில்லை. முன்னே, இப்போது என்று இரண்டு படத்தை அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார் புலவர். காட்டுக்குப் போனவர்களைப் பற்றி இன்று வரும் எத்தனையோ கதைகள் காரணத்தைத்தான் பக்கம் பக்கமாக விளக்குகின்றன.

தாபதர் செய்வன எட்டு என்று தொல்காப்பியம் தொகை மட்டும் சொல்கிறது: ‘நாலிரு வழக்கின் தாபதப் பக்கமும்’. விரிவு புறப்பொருள் வெண்பாமாலை என்ற பிற்கால இலக்கண நூலில் கிடைக்கிறது. பலமுறை நீராடுதல், தரையில் படுத்தல், தோலுடை, சடை, தீ வளர்த்தல், அப்புறம் ‘ஊரடையார் கானகத்த கொண்டு’ என்று போகிறது வெண்பா. ஊருக்குள் வராதவர்கள், காட்டில் கிடைப்பதைக் கொள்பவர்கள். கௌதமர் சொன்ன விதி அப்படியே தமிழில் இருக்கிறது.

அப்படியென்றால் தாபதம் என்றே வைத்துக்கொள்ளலாமே? இரண்டு தடை. தாபதர் என்பதே ‘தாபச’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். கடனை அடைக்க இன்னொரு கடன். இன்னொன்று, இலக்கணத்தில் ‘தாபத நிலை’ என்று வேறொரு துறையும் உண்டு. அது கணவனை இழந்தவள் நோற்கும் நோன்பைக் குறிக்கும். ‘அளிய தாமே சிறுவெள் ளாம்பல்’ என்ற பாட்டு அந்தத் துறைதான். ஒரு சொல் இரண்டு வேலை பார்த்தால் குழப்பம்.

நல்ல தமிழில் ஆக்கிக்கொள்வது என்றால் காடு என்ற சொல்லிலிருந்து தொடங்கலாமா என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. ‘வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது’ என்று சொல்லும்போது நாம் சொல்வது சுடுகாட்டை. கொங்கு வட்டாரத்தில் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் உழுது பயிர் செய்த நிலத்துக்குப் போவது. கலப்பை படாத இடத்தைச் சொல்ல வந்த சொல், கலப்பை பட்ட இடத்தைச் சொல்லிவிடும். ‘காடேகுதல்’ என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் யாரோ இறந்துவிட்டார் என்றே எனக்கு முதலில் தோன்றும்.

‘கான்’ என்பதில் இந்தத் தொல்லை இல்லை. ‘கானுறை வாழ்க்கை’ என்ற தொடரும் புறநானூற்றிலேயே இருக்கிறது. மெகஸ்தனீஸின் சொல்லுக்கு அச்சு அசலான தமிழ் இது. ஆனால் புறநானூற்று 33ஆம் பாட்டில் அந்த வாழ்க்கை யாருக்கு உரியது என்று பார்க்க வேண்டும்: ‘கானுறை வாழ்க்கைக் கதநாய் வேட்டுவன்’. காட்டிலேயே பிறந்து வளர்ந்த வேட்டுவனுக்கு. அவன் எதையும் விட்டு வரவில்லை, எதையும் தேடிப் போகவும் இல்லை. காடு அவனுக்கு வீடு. வெளியிலிருந்து காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் மறந்துபோகிற விஷயம் இது.

ஆகவே வானப்பிரஸ்தத்துக்கு நான் எழுதுவது ‘கானுறை நோன்பு’. கானுறை என்பது இடத்தைச் சொல்கிறது, நோன்பு என்பது வேட்டுவனிடமிருந்து இவரைப் பிரிக்கிறது. தவத்துக்கு நோன்பு பழைய தமிழ்ச் சொல்லே. ‘நோற்பாரின் நோன்மை உடைத்து’ என்று குறளில் இருக்கிறது. ஆளைச் சொல்ல ‘கானுறை நோன்பர்’. இல்லறம், துறவறம் என்ற வாய்பாட்டில் ‘கானறம்’ என்று ஆக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குக் காதில் ஒட்டவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நல்ல வேலையை நடுவயதில், அல்லது இருபத்தைந்து வயதிலேயே, உதறிவிட்டு மலைக்கோ காட்டோரத்துக்கோ போய்விடுகிறவர்களைப் பற்றி எழுதும்போதும் வானப்பிரஸ்தம் என்று போடுகிறார்கள். நரையும் பேரப்பிள்ளையும் கண்டபின் போவதற்கு வைத்த பெயர் அது. கடமையை முடித்தவருக்கு உரியது. கடமை என்று ஊர் சொல்வதையே கேள்வி கேட்பவருக்கு உரியது அல்ல. மேற்கிலும் இதற்கு வேறு வேறு சொற்கள் உண்டு. ‘ஹெர்மிட்’ என்பது ‘எரேமோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆளற்ற பாழ்நிலம் என்று பொருள். ‘ஆங்கரைட்’ என்பது விலகிப் போனவர். எகிப்தில் இந்தச் சொல்லின் மூலமான ‘அனகோரேசிஸ்’ முதலில் துறவிகளைக் குறிக்கவில்லை. வரிச் சுமை தாங்காமல் ஊரை விட்டு ஓடிய உழவர்களின் செயலுக்கு அது பெயர். பாலைவனத்துத் துறவிகளுக்கு அது பிறகுதான் போய்ச் சேர்ந்தது. தேடிப் போவதற்கும் தப்பி ஓடுவதற்கும் நடுவே கோடு மெல்லியது என்று மொழிக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இந்த இளைய வகைக்குத் தமிழில் தயாராக ஒரு சொல் கிடக்கிறது. ‘அறத்தாற்றின் இல்வாழ்க்கை ஆற்றின் புறத்தாற்றில் போஒய்ப் பெறுவ எவன்’ என்ற 46ஆம் குறளில் வரும் ‘புறத்தாறு’. பரிமேலழகர் இதற்கு ‘இல்லை விட்டு வனத்துச் செல்லும் நிலை’ என்று உரை எழுதியிருக்கிறார். ஆறு என்றால் வழி. புறத்தாறு வெளியே செல்லும் வழி. வயதையும் சடங்கையும் அது கேட்பதில்லை. திருவள்ளுவர் அதைப் பாராட்டுவதற்காகச் சொல்லவில்லை என்பது உண்மைதான். அங்கே போய் என்ன கிடைத்துவிடப் போகிறது என்று கேட்கத்தான் சொல்கிறார். அந்தக் கேள்வி சொல்லோடு கூடவே வந்தால் நல்லதுதான் என்று நினைக்கிறேன். ‘புறத்தாறு போனவர்’ என்று எழுதினால் பாராட்டாகவும் ஒலிக்காது, பழியாகவும் ஒலிக்காது.

கானுறை நோன்பு என்பது நீளம், பழைய சொல்லே போதும் என்பவர்கள் கிரந்த எழுத்தை விலக்கி ‘வானப்பிரத்தம்’ என்று எழுதலாம். ‘வனப்பிரஸ்தம்’ என்று முதலெழுத்தைக் குறுக்கி எழுதுவது மட்டும் பிழை. வானத்தோடு குழம்பக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சிலர் அப்படித் திருத்துகிறார்கள், ஆனால் நெடில்தான் அந்தச் சொல்லின் சரியான வடிவம்.