ஜாப்: தமிழில் என்ன சொல்லலாம்?

குத்துச்சண்டை என்றதும் நாக் அவுட்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு சாம்பியன் ஆண்டுக்கணக்கில் அசைக்க முடியாதவராக நிற்பதற்கு, பெரும்பாலும் ‘ஜாப்’ என்ற சின்னக் குத்துதான் அடிப்படை.

முன்வைத்த காலின் பக்கத்துக் கையை நேராக நீட்டிக் குத்தி, போன வழியே சட்டென்று இழுத்துக்கொள்வது ஜாப். முஷ்டி போய்ச் சேரும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கும். தோள் உயர்ந்து தாடையை மறைக்கும். முழு எடையையும் இதில் இறக்குவதில்லை என்பதால் நிலை குலையாமல் மறுபடி மறுபடி விடலாம். தூரத்தை அளப்பதும், எதிராளியின் பார்வையை மறைப்பதும், அவர் பாய வரும்போதே தடுப்பதும், பின்கையின் பலத்த குத்துக்கு வழி திறப்பதும் இதுதான்.

அமெரிக்காவின் லாரி ஹோம்ஸைப் பாருங்கள். முகமது அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். 1978 ஜூனில் கென் நார்ட்டனை 15 சுற்றுகளில் வென்று ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். 1985 செப்டம்பர் வரை எவராலும் அதைப் பறிக்க முடியவில்லை. அதற்குள் 48 வெற்றிகள், ஒரு தோல்விகூட இல்லை. இத்தனைக்கும் அச்சாணி அவருடைய இடக்கை ஜாப். அந்த எடைப்பிரிவில் அதைவிடச் சிறந்த ஜாப் இருந்ததில்லை என்றே நான் நினைக்கிறேன்.

நீட்டுவதைவிட இழுத்துக்கொள்வதுதான் கடினம். அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ஜோ லூயிஸ் ஜாப் விட்டபின் இடக்கையைச் சற்றுத் தாழ்த்திவிடுவார். ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் அதைக் கவனித்து வைத்திருந்தார். 1936இல் நியூயார்க்கில், அந்தத் தாழ்ந்த கைக்கு மேலாகவே தன் வலக்கைக் குத்தை இறக்கி இறக்கி, 12ஆம் சுற்றில் லூயிஸைச் சாய்த்தார். 1938இல் மறுபடி மோதியபோது லூயிஸ் முதல் சுற்றிலேயே கணக்கைத் தீர்த்தார்.

சொல்லின் பிறப்பு? ‘ஜாப்’ ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கூரான ஒன்றால் குத்துவது, துளைப்பது என்பதே பழைய பொருள். முஷ்டிக்கு வந்தது பிறகுதான். பிரிட்டனில் தடுப்பூசியையும் ஜாப் என்பது இதனால்தான். வேலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் நாம் தமிழில் இப்படியே எழுதுகிறோம். அது வேறு, இது வேறு.

இங்கே தமிழுக்கு ஒரு வசதி. காது குத்துகிறோம், பச்சை குத்துகிறோம், முள் குத்துகிறது, முஷ்டியாலும் குத்துகிறோம். துளைப்பதும் தாக்குவதும் ‘குத்து’ என்ற ஒரே சொல்லில் ஏற்கெனவே இருக்கின்றன. எந்தக் குத்து என்று காட்ட ஓர் அடைமொழி சேர்த்தால் போதும்.

‘இடக்கைக் குத்து’ சரிவராது. வலக்காலை முன்வைத்து நிற்கும் இடக்கை வீரருக்கு ஜாப் வலக்கையில்தான் வரும். ‘நேர்க்குத்து’ என்றால் பின்கையால் நேராக விடும் குத்தும் அதில் அடங்கிவிடும். ‘முன்கைக் குத்து’ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்கை என்பது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதி. அதனால் குத்துவதாகப் பொருள் திரிந்துவிடும்.

‘முன்குத்து’ என்பதே என் தேர்வு. முன்னால் நிற்கும் கையின் குத்து. மற்றக் குத்துகளுக்கு முன்னதாகப் போகும் குத்து. ‘முன்’ என்ற சொல் இடத்தையும் காலத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அடுத்தடுத்து இரண்டு விட்டால் இரட்டை முன்குத்து. வயிற்றை நோக்கி விட்டால் தாழ் முன்குத்து.