லிட்டருக்குள் ஒளிந்திருக்கும் 10 சென்டிமீட்டர்

லிட்டர் எவ்வளவு என்று கேட்டால் பலரும் கையால் ஒரு பாட்டிலின் உயரத்தைக் காட்டுவார்கள். விதிப்படி அது ஒரு கனசதுரம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர். அதற்குள் கொள்வது 1 லிட்டர். கொள்ளளவுக்கென்று தனி அடிப்படை அலகே கிடையாது, மீட்டரிலிருந்தே எல்லாம் பிறந்துவிடுகிறது. மெட்ரிக் முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

சர்வதேச அலகு முறையில் கொள்ளளவின் அலகு கன மீட்டர். 1 கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். 1 லிட்டர், 1,000 மில்லிலிட்டர். 1 மில்லிலிட்டரும் 1 கன சென்டிமீட்டரும் ஒன்றேதான். சிரிஞ்சைப் பார்த்து ‘சிசி’ என்று சொல்வதும் அதைத்தான்.

சரி, தடுமாற்றம் எங்கே வருகிறது? 1 மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் 1 கன மீட்டருக்கும் 100 கன சென்டிமீட்டர் என்று மனம் தாவிவிடும். மூன்று பக்கத்தையும் பெருக்க வேண்டும்: 100 × 100 × 100, அதாவது 10 லட்சம். உள்ளளவில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரமுள்ள தொட்டி 3 கன மீட்டர், அதாவது 3,000 லிட்டர் பிடிக்கும். அதையே சென்டிமீட்டரில் போட்டால் 200 × 100 × 150, 30 லட்சம். 1,000-ஆல் வகுத்தால் அதே 3,000 லிட்டர். இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். விடை ஒத்து வராவிட்டால் எங்கோ ஒரு பூஜ்யம் நழுவியிருக்கிறது.

1795-இல் பிரான்ஸ் நாட்டுச் சட்டம் வகுத்த லிட்டரும் இதே கனசதுரம்தான். இடையில், 1901-இல், எடை அளவைகளுக்கான பொது மாநாடு அதை நீரோடு கட்டிப்போட்டது: மிக அடர்த்தியான நிலையில் 1 கிலோகிராம் தூய நீர் அடைக்கும் இடமே லிட்டர். இதனால் லிட்டர் 1,000.028 கன சென்டிமீட்டர் ஆனது. நுட்பமான அளவீட்டில் இந்தத் துளி வித்தியாசமும் குழப்பம்தான். 1964-இல் அதே மாநாடு அந்த வரையறையை ரத்து செய்தது. அப்புறம் 1979-இல், லிட்டரின் குறியீடான ‘எல்’ சிறிய எழுத்தில் எண் 1 போலத் தெரிவதால், பெரிய எழுத்தையும் அனுமதித்தார்கள்.

மருந்து அளவை எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். அரை மில்லிலிட்டரை 0.5 என்றே எழுதுங்கள். முன்னால் பூஜ்யம் இல்லாமல், புள்ளியும் மங்கிவிட்டால், படிப்பவர் கண்ணில் அது 5. பத்து மடங்கு மருந்து. குவளையில் அளப்பதானால் அதைச் சமதளத்தில் வையுங்கள். கண்ணைக் கோட்டின் உயரத்துக்கு இறக்கி, குழிந்து நிற்கும் திரவப் பரப்பின் அடிப்புள்ளி எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பாருங்கள்.