சில்லறை இல்லாத ஊரில் ஒரு மளிகைக் கடை

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஈஸ்ட் ஹோத்லை என்றொரு சின்ன கிராமம். தாமஸ் டர்னர் (1729–1793) அங்கே தேயிலை, சர்க்கரை, துணி, தொப்பி, வெடிமருந்து என்று சகலமும் விற்றுவந்தார். 1754 முதல் 1765 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில், குடித்துவிட்டு மறுநாள் வருந்துவதையும் மனைவி பெக்கியோடு போட்ட சண்டைகளையும்தான் பலரும் ரசித்துப் படிக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, காசுப் புழக்கம் குறைந்த ஊரில் கடை எப்படி ஓடியது என்பது.

காசு எங்கே போனது? 1717இல், ஐசக் நியூட்டன் நாணயச்சாலைத் தலைவராக இருந்தபோது, கினி என்ற தங்கக் காசுக்கு 21 ஷில்லிங் (வெள்ளிக் காசு) என்று மதிப்பு வைத்தார்கள். சந்தை நிலவரத்தைப் பார்த்தால் தங்கத்துக்கு அது கூடுதல், வெள்ளிக்குக் குறைச்சல். ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கு நாணயச்சாலைக் கணக்கு 62 பென்ஸ். வெளியே பெரும்பாலும் அதற்கு மேல் கிடைத்தது. அப்புறம் யார் வெள்ளியை அங்கே கொண்டுபோவார்கள்? எடை குறையாத ஷில்லிங்குகளை உருக்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வெள்ளி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போனது. ஊரில் மிஞ்சியது தேய்ந்த காசுதான். விவசாயக் கூலியின் நாள் சம்பளமே ஒரு ஷில்லிங்குக்குச் சற்று முன்பின்னாக இருந்த காலத்தில், கினியை நீட்டிக் கொஞ்சம் சர்க்கரை வாங்க முடியுமா?

ஆகவே கடையின் பேரேடே பணமாகிவிட்டது. செருப்புத் தைப்பவர் ஒருவர் தேயிலையும் பாலாடைக்கட்டியும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயரில் பற்று. கடைக்காரருக்கு அவர் தைத்துக் கொடுத்த காலணி வரவு. பல மாதம் கழித்து இருவரும் உட்கார்ந்து ஒன்றை மற்றதில் கழிப்பார்கள். மிச்சத்துக்கு மட்டும் காசு கைமாறும். டர்னர் கந்தல் துணியும் வாங்குவார். அது காகிதம் செய்யப் போகும்.

லண்டன் மொத்த வியாபாரிக்குக் காலணி கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. அதற்கு உண்டியல், அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு. லண்டனில் பணம் வரவேண்டிய உள்ளூர்க்காரர் ஒருவர், ‘இவருக்குக் கொடுக்கவும்’ என்று சீட்டு எழுதித் தருவார். அவருக்கு டர்னர் இங்கேயே பணம் கொடுத்துவிட்டுச் சீட்டை லண்டனுக்கு அனுப்புவார். நாணயம் சாலையில் பயணிக்கவே வேண்டாம், வழிப்பறிப் பயமும் இல்லை.

இந்த ஏற்பாடு முழுக்க ஆளை அறிவதில் நின்றது. டர்னர் வெறும் கடைக்காரர் அல்ல. ஏழைகளுக்கான ஊர் நிதியைக் கவனித்தார், வரி வசூலித்தார், உயில் எழுதிக் கொடுத்தார், சாவு வீட்டுக்குக் கையுறையும் துக்கத் துணியும் கொடுத்தார். யார் நொடித்துப்போகிறார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். கடன் கொடுப்பவருக்கு இதைவிட நல்ல தகவல் வேறென்ன?

ஆனால் தெரிந்தவரிடம் கறாராக வசூலிப்பது கொடுமை. நெடுநாள் பாக்கி வைத்த ஒருவர் மேல் சட்ட நடவடிக்கை எடுக்கத் துணிந்தபோது, தான் செய்வது சரியா என்று டர்னர் நாட்குறிப்பில் தன்னோடு தானே வாதாடுகிறார். அந்தக் கடனாளியின் குடும்பமும் அதே ஊரில், அதே தேவாலயத்துக்கு வருகிறவர்கள். மறுபக்கம் டர்னருடைய மொத்த வியாபாரிகள் காத்திருக்க மாட்டார்கள்.