பவுடர் பாலில் கொழுப்பு எந்த இடத்தில் இருக்கிறது?

மருத்துவர் சொல்லி, குழந்தைக்குப் பவுடர் பால் கொடுக்க ஆரம்பித்திருக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "தாய்ப்பால் குடித்தவரை இளகலாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளைக்கு இப்போது மலம் இறுகிவிட்டது. டின்னில் பாமாயில் என்று போட்டிருக்கிறது. அதுதான் காரணமா?"

முக்கியமான காரணம் அதுதான். ஆனால் பாமாயில் கெட்டது என்பதால் அல்ல.

தாய்ப்பாலின் கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் 20 முதல் 25 சதவீதம் வரை பால்மிட்டிக் அமிலம். அந்த அளவை எட்டத்தான் பவுடர் பாலில் பாமாயில் சேர்க்கிறார்கள். அளவு சரி, இடம்தான் தப்பு.

கொழுப்பு என்பது ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் வரிசையாக ஒட்டியது என்று பள்ளியில் படித்திருப்போம். தாய்ப்பாலில் பால்மிட்டிக்கின் பெரும்பகுதி, சுமார் 70 சதவீதம், நடு இடத்தில் இருக்கும். பாமாயிலில் பெரும்பாலும் இரண்டு ஓரங்களில். கணையத்திலிருந்து வரும், கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதி ஓரங்களைத்தான் வெட்டும், நடுவில் கை வைக்காது. அதனால் தாய்ப்பாலின் பால்மிட்டிக் கிளிசராலை விட்டுப் பிரியாமலே குடலில் உறிஞ்சப்படுகிறது. பாமாயிலின் பால்மிட்டிக்கோ தனியாக உதிர்ந்து, பாலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. விளைவு, கரையாத கால்சியம் சோப்பு. உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்காமல் வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, ஏறக்குறைய அதே பொருள்தான் குழந்தையின் குடலிலும் உண்டாகிறது. கொழுப்பும் போச்சு, எலும்புக்குப் போகவேண்டிய கால்சியமும் போச்சு, மலமும் இறுகியது.

இதில் என்னை அசரவைப்பது வேறொன்று. தாயின் உடம்பில் சேரும் மற்றக் கொழுப்பில் பால்மிட்டிக் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும். பால் சுரக்கும் செல்கள் மட்டும் அதை நடுவுக்குக் கொண்டுபோகின்றன! குடிக்கப்போகிற பிள்ளையின் நொதி எங்கே வெட்டும் என்பதற்கு ஏற்ப, கொடுக்கிற உடம்பிலேயே ஏற்பாடு நடந்திருக்கிறது.

லைபேஸ் நொதியையே வைத்துத் தாவர எண்ணெயில் பால்மிட்டிக்கை நடுவுக்கு மாற்றும் வித்தையும் வந்துவிட்டது. அப்படிச் செய்த பவுடர் பாலில் கால்சியம் சோப்பு குறைகிறது, மலம் இளகுகிறது. விலைதான் கூடுதல்.

பவுடர் பாலில் சேர்க்கும் இன்னொரு கொழுப்பையும் பார்த்துவிடலாம். டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் மூளையிலும் விழித்திரையிலும் நிறைய இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் பவுடர் பாலில் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனாலும் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அதைச் சேர்ப்பதால் புத்திக்கூர்மை கூடும் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. புத்தி கூடும் என்று ஆசைகாட்ட வழியில்லாமல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு விளம்பரமே கூடாது என்று நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் இருப்பது எவ்வளவு நல்லது!

அப்புறம், தெருவில் விற்கும் கழுதைப்பாலைச் சங்கில் புகட்டும் வழக்கம். கழுதைப்பாலில் கொழுப்பு மிகமிகக் குறைவு. காய்ச்சாமல் கொடுத்தால் கிருமித் தொற்று வேறு. தயவுசெய்து வேண்டாம்.

வாசகிக்கு: மலம் இறுகுகிறதே என்று பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். டின்னில் சொன்ன அளவிலேயே கலக்குங்கள். வலித்து அழுதாலோ ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தத் துறையில் பல ஆய்வுகள் பால் பவுடர் நிறுவனங்களின் பணத்தில் நடப்பவை. எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை மைசூரில் உள்ள அரசு உணவு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. எப்போதோ உருவாக்கிக் காட்டியது. கொழுப்பை இடம் மாற்றும் இந்த வேலைக்கும் அரசுப் பணம் போகவேண்டும். விலை இறங்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.