ஹையர் பவர்: ‘உயர் சக்தி’ ஏன் ஒட்டவில்லை?

ஆங்கில ‘ஹையர் பவர்’ என்பதைத் தமிழில் ‘உயர் சக்தி’ என்று ஆக்கியிருக்கிறார்கள். போன வாரம் மூன்றாவது முறையாக அந்தச் சொல் எதிர்ப்பட்டது. ஓடிடியில் ஓர் அமெரிக்கத் தொடர், தமிழ்க் குரலில். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் குடிநோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் எழுந்து, “என்னை நான் உயர் சக்தியிடம் ஒப்படைத்துவிட்டேன்” என்கிறார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்து, “கரண்ட் ஆபீஸ்ல சேந்துட்டானா?” என்றார்.

இதற்கு முன்பு ஒரு துண்டறிக்கையில் படித்திருந்தேன். அப்புறம் ஒரு மனநல உரையில் கேட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘பவர்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் பின்னால் இருக்கும் லத்தீன் வினைக்கு ‘முடிதல், இயலுதல்’ என்று பொருள். ‘ஹையர் பவர்’ என்ற இணை ஆங்கிலத்துக்குப் பழையது. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில், ரோமருக்கு எழுதிய கடிதம் 13ஆம் அதிகாரத்தில் பன்மையில் வருகிறது. அங்கே அது கடவுளைக் குறிக்கவில்லை, ஆட்சியாளர்களைக் குறிக்கிறது. நம் பழைய தமிழ் விவிலியம் அதே இடத்தை ‘மேலான அதிகாரமுள்ளவர்கள்’ என்று சரியாகப் பிடித்திருக்கிறது. ‘மேலான’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன். (தமிழிலும் ‘இறை’ அரசனைக் குறிக்கும், வரியையும் குறிக்கும். வரி விலக்குப் பெற்ற நிலத்தைக் கல்வெட்டுகள் ‘இறையிலி’ என்கின்றன. ஆள்பவனுக்கும் ஆண்டவனுக்கும் ஒரே சொல் என்பது ஊரெங்கும் உள்ள கதைதான்.)

இன்று நாம் கேட்கும் ‘ஹையர் பவர்’ பரவியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வழியாக. குடியை விடுவதற்காகக் குடிநோயாளிகளே கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு அது. 1935இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்கு வணிகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் தொடங்கியது. இருவருமே குடியில் மூழ்கி எழுந்தவர்கள். 1939இல் வந்த அவர்களுடைய புத்தகத்தில்தான் பன்னிரண்டு படிகள் அச்சேறின. முதல் படி, மதுவின் முன் நாங்கள் ‘பவர்’ அற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது. இரண்டாவது, எங்களைவிடப் பெரிய ஒரு ‘பவர்’ எங்களைத் தெளியவைக்கும் என்று நம்பத் தொடங்குவது. முதல் படியில் இல்லாத பொருள் இரண்டாம் படியில் கிடைக்கிறது. இரண்டு படியும் ஒரே சொல்லில் பூட்டப்பட்டிருக்கின்றன.

‘கடவுள்’ என்று நேரடியாகப் போட்டிருக்கலாமே? அந்த ஆரம்பக் குழுவிலேயே கடவுளை ஏற்காதவர்கள் இருந்தார்கள், சண்டை போட்டார்கள். அதனால்தான் இந்த வழுக்கலான சொல். உன் மேலானது எது என்று நீயே முடிவு செய்துகொள். இயேசுவா, சரி. அல்லாஹ்வா, சரி. ஒன்றுமே இல்லையா, அப்போது இந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டமே உன் மேலானது. கதவுக் குமிழாக இருந்தாலும் பரவாயில்லை, நீயாக இல்லாமல் இருந்தால் போதும் என்று அங்கே ஒரு கிண்டல்கூட உண்டு. இந்த இயக்கத்தின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் கர்ட்ஸ் 1979இல் தன் நூலுக்குக் ‘கடவுள்-அல்லன்’ என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். நான் கடவுள் இல்லை என்பதுதான் அங்கே முதல் பாடம்.

இப்போது ‘உயர் சக்தி’க்கு வருவோம். ‘உயர்’ என்பதே தப்பு. உயர் நீதிமன்றம், உயர் ரத்த அழுத்தம், உயர் அதிகாரி என்கிறோம். இவற்றில் உயரம் அந்தப் பொருளின் தரம், அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. ஆனால் ‘ஹையர்’ ஓர் ஒப்பீடு. எதைவிட உயரம்? என்னைவிட. அந்த ‘என்னைவிட’ காணாமல் போனால் படியே காணாமல் போகிறது. தமிழில் ஒப்பீட்டுக்கு வழி இல்லாமலா இருக்கிறது? ‘காக்கையிற் கரிது களாம்பழம்’ என்று இலக்கண வகுப்பில் ஐந்தாம் வேற்றுமைக்கு உருப்போட்டோமே! களாம்பழத்தைக் காக்கையோடு நிறுத்தி அளந்த மொழிக்கு, குடிகாரனைவிடப் பெரியதைச் சொல்லத் தெரியாதா?

அடுத்தது ‘சக்தி’. நியாயமாகச் சொன்னால், அதன் வடமொழி வேரும் ‘இயலுதல்’தான். வேர்ப்பொருளில் ‘பவர்’ என்பதற்கு அண்ணன் தம்பி. ஆனால் நாம் பேசுவது வேரோடு இல்லை, தெருவில் புழங்கும் சொல்லோடு. தெருவில் சக்தி என்றால் ஒன்று சத்து, இல்லாவிட்டால் அம்மன். செவ்வாடை கட்டியவர்கள் ‘ஓம் சக்தி’ என்று போகிற நாட்டில், ஓர் இஸ்லாமியக் குடிநோயாளியிடம் போய் “சக்தியிடம் உன்னை ஒப்படை” என்றால் அவர் என்ன நினைப்பார்? எல்லாருக்கும் கதவைத் திறந்து வைக்கத்தான் மூலத்தில் அந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள். நம் மொழிபெயர்ப்பு பாதிப் பேருக்கு அதைச் சாத்திவிடுகிறது. முதல் படியை ‘சக்தியற்றவர்கள்’ என்று போட்டால் இன்னும் மோசம். நாலு நாள் பட்டினி கிடந்தவன், குளுக்கோஸ் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் தனித்தமிழ் நண்பர்கள் கைதூக்குவார்கள்: “சக்தி வடசொல். ‘பேராற்றல்’ என்று போடுங்கள்.” இவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. வடசொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச்சொல்லை வைத்தால் பிழை தமிழாகுமே தவிரத் திருத்தமாகாது. பள்ளி இயற்பியலில் ஆற்றல் வேறு, திறன் வேறு, விசை வேறு என்று பிள்ளைகள் பிரித்துப் படிக்கிறார்கள். அங்கே ‘பவர்’ என்பதற்குத் ‘திறன்’தான் நிற்கிறது. ‘ஆற்றல்’ எனர்ஜி. ஆகவே ‘பேராற்றல்’ என்றதும் காதில் விழுவது அணு உலை, அல்லது ‘பிரபஞ்சப் பேராற்றல் உங்கள் வீட்டுக் கடனை அடைக்கும்’ வகைப் பேச்சு.

அதைவிட முக்கியமான குறை, பேராற்றலைத் திட்ட முடியாது. சிரிக்காதீர்கள். மனிதர்கள் தமக்கு மேல் ஒன்றைத் தேடிப் போவதற்கு விளக்கம் கேட்பது மட்டும் காரணமில்லை. முறையிட ஓர் இடம் வேண்டும், பாரத்தை இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கிக் கல் வேண்டும். கண்ணொளி இழந்த சுந்தரர் திருவாரூரில் போய் நின்று, நீரே ‘வாழ்ந்து போதீரே’ என்று சிவனையே ஏசுகிறார். ‘மீளா அடிமை’ என்று தொடங்கும் பதிகத்தில்தான் இந்த ஏச்சு. அடிமை என்ற உரிமையில் வரும் கோபம் அது. ஓர் ஆற்றலிடம் யாராவது கோபித்துக்கொள்வார்களா? மின்சாரம் நின்றால்கூட நாம் மின்சாரத்தைத் திட்டுவதில்லை, லைன்மேனைத்தான் திட்டுகிறோம்.

‘பரம்பொருள்’ வேண்டாம், அது தத்துவ வகுப்பு. ‘இறைமை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நாட்டின் இறையாண்மையைப் பேசும் அரசியல் பாடத்தில் உட்கார்ந்திருக்கும் சொல்.

நம் மக்கள் என்ன சொல்கிறார்கள்? “நமக்கு மேல ஒருத்தன் இருக்கான்.” கடவுளை அவ்வளவாகக் கும்பிடாதவர் வாயிலும் இது வரும்: “நமக்கு மேல ஒண்ணு இருக்குதுல்ல?” ஒப்பீடு இருக்கிறது, மதம் இல்லை, பெயர் இல்லை. ஹார்வர்டு உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் சமய அனுபவங்களைப் பற்றி எழுதிய நூலை, பில் வில்சன் மருத்துவமனைப் படுக்கையில் படித்தார். எல்லாச் சமயங்களுக்கும் பொதுவாக மிஞ்சுவதைச் சொல்ல வந்த ஜேம்ஸ் அதில் தொட்ட சொல் ‘மோர்’, அவ்வளவுதான். இன்னும் மேலாக ஒன்று. கிராமத்துத் திண்ணையில் சொல்வதும் அதுதான்.

எனவே என் சொல் ‘நமக்கு மேலான ஒன்று’. ‘ஒன்று’ அஃறிணையாயிற்றே, அதை மட்டும் திட்ட முடியுமா என்று திருப்பிக் கேட்பீர்கள். திருமந்திரத்தின் முதல் பாட்டே ‘ஒன்று அவன்தானே’ என்றுதான் தொடங்குகிறது. தமிழில் ‘ஒன்று’ வேண்டும்போது ‘அவன்’ ஆகிவிடும். வட்டத்தில் இருக்கும் நாத்திகர் ‘ஒன்று’ என்பதில் நின்றுகொள்ளட்டும், பக்தர் ‘அவன்’ வரை போகட்டும்.

‘பவர்’ எங்கே போயிற்று? வினைக்குள் போயிற்று. ‘இயலுதல்’ என்ற அதன் பழைய பொருளுக்குத் தமிழில் பெயர்ச்சொல்லே தேவையில்லை, ‘ஆகும்’, ‘ஆகாது’ என்ற இரண்டு வினைகள் போதும். இப்படி எழுதிப் பாருங்கள். “மதுவின் முன் எங்களால் ஒன்றும் ஆகாது என்று ஒப்புக்கொண்டோம். எங்களைத் தெளியவைக்க எங்களுக்கு மேலான ஒன்றால் ஆகும் என்று நம்பலானோம்.” ஆகாது, ஆகும். பூட்டு விழுந்துவிட்டது. ‘தெளிதல்’ போதைக்கும் புத்திக்கும் ஒருசேரப் பொருந்துவது தமிழ் நமக்குத் தந்த இலவசம். ஆங்கிலப் படியில் இருக்கும் ‘சானிட்டி’க்கு அந்த வசதி கிடையாது. இதைப் போய் ‘மனநலத்தை மீட்டெடுத்தல்’ என்று எழுதுகிறார்கள்.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். சென்னையிலும் மற்ற ஊர்களிலும் தமிழில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கை நடுங்க வந்து உட்காரும் ஒருவருக்கு முதலில் கிடைப்பது இந்தச் சொற்கள்தான். 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கணக்கில் எடுத்த 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது, குடியை முழுதாக விட்டு நிற்பதில் இந்தப் பன்னிரண்டு படி முறை மற்ற சிகிச்சைகளைவிட முன்னே நிற்பதாகச் சொல்கிறது. வேலை செய்கிற மருந்துக்குப் புரியாத சீட்டு ஒட்டலாமா?

அதுவும் வள்ளுவர் 350ஆம் குறளில் ‘பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு’ என்று இதே வழியைச் சொல்லிவைத்திருக்கும்போது! ஒரு பிடியை விட இன்னொரு பிடி வேண்டும். அந்தப் பிடிமானத்துக்குப் ‘பற்றுக்கோடு’ என்ற பெயரும் இருக்கிறது. அதையே கலைச்சொல்லாக வைக்கலாம் என்றுகூட யோசித்தேன். ஆனால் பேச்சில் வராது, விட்டுவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர்களின் நோய் இதுதான். ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்தால் தமிழிலும் இரண்டு சொல் எண்ணி வைக்க வேண்டும், பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல், அடைமொழிக்கு அடைமொழி. வாக்கியத்தை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்ப்பதில்லை. தங்களை ஒப்படைக்கும் மூன்றாம் படியில் மூலத்திலேயே ‘கடவுள்’ வருகிறார், ஒரு நிபந்தனையோடு. அதையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ‘நாங்கள் புரிந்துகொண்ட கடவுள்’ என்று அந்தத் துண்டறிக்கையில் இருந்தது. கடவுளைப் புரிந்துகொண்டு முடித்துவிட்ட கூட்டமா இது? ‘எங்களுக்குப் புரிந்த அளவில் கடவுள்’ என்று இருக்க வேண்டும். அந்த ‘அளவில்’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் 1930களில் அந்த நாத்திகர்கள் அவ்வளவு சண்டை போட்டார்கள்.