ஒளி அயனியாக்கம்: போவது எது?

ஒளி பட்டதும் ஒரு மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரான் வெளியேற, மிஞ்சியது மின்னூட்டம் பெற்ற அயனி ஆவதுதான் ஒளி அயனியாக்கம். இந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் தமிழ். நடுவில் உட்கார்ந்திருப்பது கிரேக்கம்.

உப்புக் கரைசலில் மின்சாரம் பாயும்போது மின்முனைகளை நோக்கிப் போகும் துகள்களுக்கு மைக்கேல் ஃபாரடே பெயர் தேடினார். 1834-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் எடுத்துக் கொடுத்த சொல்தான் ‘அயான்’. கிரேக்கத்தில் ‘போவது’ என்று பொருள். உத்தராயணத்தில் வரும் வடமொழி ‘அயனம்’ என்பதும் போதல்தான். இரண்டுக்கும் வேர் ஒன்றே. தமிழ்நாட்டில் அது அயனி, இலங்கைப் பாடநூல்களில் அயன். (கன்னியாகுமரிக்காரர்களுக்கு அயனி என்றதும் பலாவின் சிறிய உறவுப் பழம்தான் நினைவுக்கு வரும். அது வேறு.) ‘மின்னூட்டத் துகள்’ என்று மாற்றலாமே என்றால், எலெக்ட்ரானும் மின்னூட்டத் துகள்தானே! அயனியே இருக்கட்டும்.

சில மூலக்கூறுகள் ஒட்டிச் சேர்ந்த ‘க்ளஸ்டர்’ என்பதற்குத் திரள், கொத்து என இரண்டு சொற்கள் புழங்குகின்றன. என் ஓட்டு கொத்துக்கு. திரளை எண்ண முடியாது; மாங்காய்க் கொத்தை எண்ணலாம். இவற்றை ஒளியால் அயனியாக்கிப் பார்க்கும் ஆய்வில் எத்தனை மூலக்கூறு ஒட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வியே.

சரி, ஒரு கொத்தைப் பார்ப்போம். பழைய கார்பாலிக் சோப்பின் வாசனைக்குக் காரணமான ஃபீனாலையும் நீராவியையும் ஹீலியம் போன்ற ஒரு வாயுவில் கலந்து, நுண்துளை வழியே வெற்றிடத்துக்குள் பீய்ச்சுகிறார்கள். விரியும் வாயு கடுமையாகக் குளிர, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதன்மேல் 275 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா லேசர் விழுகிறது. ஊதாவுக்கு அப்பால் உள்ளது புற ஊதா. மூலச் சொல்லின் பொருள் சிந்தாமல் வந்த பெயர்.

தனி நீர் மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்க 12.6 எலெக்ட்ரான்வோல்ட் (மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். ஃபீனாலுக்கு 8.5 போதும். இந்த லேசரின் ஒரு ஃபோட்டானிடம், அதாவது ஒளியின் ஓர் ஆற்றல் பொட்டலத்திடம், இருப்பதோ சுமார் 4.5. ஆகவே முதல் ஃபோட்டான் ஃபீனாலைக் கிளர்த்தி மேலே ஏற்றுகிறது. அது இறங்குவதற்குள் வரும் இரண்டாவது, எலெக்ட்ரானை வெளியே தள்ளுகிறது.

ஒரே ஒரு நீர் மூலக்கூறு ஒட்டியிருந்தால் 8.5 என்பது 7.9 ஆகக் குறைந்துவிடுகிறது. எலெக்ட்ரானை இழந்து நேர்மின்னூட்டம் பெற்ற ஃபீனாலை, நீரின் ஆக்சிஜன் பக்கம் முன்னைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிப்பு தரும் ஆற்றல் செலவைக் குறைக்கிறது.

நீர் மட்டுமே உள்ள கொத்தில் கதை இன்னும் ஒரு படி போகும். எலெக்ட்ரான் போனதும் ஒரு புரோட்டான் (ஹைட்ரஜனின் அணுக்கரு) பக்கத்து மூலக்கூறுக்குத் தாவிவிடும். மிஞ்சிய ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) பெரும்பாலும் கழன்றுவிடும். அதனால் அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் பதிவாவது, ஒளி பட்ட அதே கொத்து அல்ல. ஒரு மூலக்கூறு குறைந்து, ஒரு புரோட்டான் கூடிய கொத்து.